ஜார்ஜிய கால வீட்டின் முன்சுவர் வெளியே உப்பிவிட்டால்: தைப்பதா, பிரித்துக் கட்டுவதா?

தூக்குக்குண்டு
லண்டனில் 1780-களில், அதாவது ஜார்ஜ் மன்னர்கள் ஆண்ட காலத்தில், எழுந்த ஒரு வரிசை வீட்டை எடுத்துக்கொள்வோம். நிலவறைக்கு மேல் நான்கு தளம், மஞ்சள் ஸ்டாக் செங்கல், முன்சுவர் ஒன்றரைக் கல் கனம், அதாவது சுமார் 340 மி.மீ. இரண்டாம் தள ஜன்னல்களுக்கு நடுவே சுவர் 40 மி.மீ. வெளியே உப்பியிருக்கிறது. இப்படி வந்தாலே "முகப்பைப் பிரித்துக் கட்டு" என்று சொல்லிவிடுகிறார்கள். என் கட்சி, தேவையில்லை. பாரம் சுவர்க் கனத்தில் ஆறில் ஒரு பங்குக்குள் விலகினால் இழுவிசை வராது என்பது பழைய கணக்கு. 340-ல் ஆறில் ஒன்று 57. நம்முடையது 40தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முறுக்குக் கம்பி போட்டுத் தைத்து, தளத்தைத் தாங்கும் மரச் சட்டங்களோடு உலோகப் பட்டை கொடுத்துப் பிடித்துவிட்டால் வேலை முடிந்தது.

செம்மண்சூளை
கணக்கு சரி சார், சுவர்தான் தப்பு. அது 340 மி.மீ. சுவரே இல்லை.

வெளியே தெரிவது ஃபிளெமிஷ் பாண்ட் என்ற அடுக்கு முறை. ஒரு கல் நீளவாக்கில், அடுத்தது தலை காட்டி. தலை காட்டும் கல் ஒன்பது அங்குலமும் உள்ளே போய்ப் பின்சுவரைக் கவ்வியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அது உடைத்த அரைக்கல். ஒரு கல்லை இரண்டாக்கி இரண்டு இடத்தில் தலை காட்டியிருப்பார்கள். எவ்வளவு மிச்சம் என்று இன்றைய அளவில் (215 × 102.5 × 65, கல்லுக்கு இடையே கலவைச் சந்து 10 மி.மீ.) போட்டுப் பாருங்கள். முழுக்கல் வைத்தால் சதுர மீட்டருக்கு 79 முகப்புக் கல், உடைத்து வைத்தால் 59. ஜன்னல் போக 50 சதுர மீட்டர் முகப்புக்கு ஆயிரம் நல்ல கல் மிச்சம்.

இன்னொன்று, முழுக்கல் வைக்க நினைத்தாலும் முடியாது. முன்பக்கம் நல்ல கல், 5 மி.மீ. சந்து. பின்பக்கம் சூளையில் சரியாக வேகாத மட்டக் கல், 12 மி.மீ. சந்து. கல் உயரம் 63 என்றால், சந்தோடு சேர்த்து முன்பக்கக் கல் வரி ஒன்று 68, பின்வரி 75. பதினொரு முன்வரி 748, பத்துப் பின்வரி 750. முக்கால் மீட்டருக்கு ஒரு தடவைதான் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும், அங்கேதான் கல்லைக் குறுக்கே விட முடியும். ஆக முன்பக்கம் தனியாக நிற்கும் அரைக்கல் தோல், நீங்கள் ஆறால் வகுக்க வேண்டியது அதன் கனமான 102-ஐ. விடை 17. 40 என்பது அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

கரணை
அரசாங்கம் செங்கல்லுக்கு வரி போட்டதாலதான் இந்த மிச்சம் பிடிக்கிற வேலையே ஆரம்பிச்சது. 1784-ல ஆயிரம் கல்லுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ். அதை விட்டுட்டு மேஸ்திரியைத் திட்டுறது நியாயமில்லை.

செம்மண்சூளை
அந்த அரசாங்க வரிக்கும் இந்தக் கல் வரிக்கும் முடிச்சுப் போடாதீங்க. உடைத்த தலைக்கல் 1720-களின் வீடுகளிலேயே இருக்கிறது. காரணம் குத்தகை. நிலம் எஸ்டேட் பிரபுவுடையது. கட்டுபவருக்குக் கிடைத்தது அறுபது ஆண்டு, மிஞ்சினால் 99 ஆண்டு. கெடு முடிந்தால் வீடும் நிலத்தோடு பிரபுவிடம் போய்விடும். பேரனுக்கு நிற்காத சுவருக்கு எவன் முழுக்கல் வைப்பான்?

தூக்குக்குண்டு
தோல் தனி, முதுகு தனி என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் தைக்கச் சொல்கிறேன். தைத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகி விடுகிறது, உங்கள் 17 மறுபடி 57 ஆகிறது. மேலும் 40 மி.மீ. எப்போது வந்தது? இருநூறு வருடம் முன்பே வந்து நின்றுபோயிருக்கலாம். சுண்ணாம்புக் கலவை மெல்ல நெளிந்துகொடுக்கும். விரிசலுக்குக் குறுக்கே அளவுக் குறி ஒட்டி ஒரு வருடமாவது பார்க்காமல் பிரிப்பது அவசரம். லண்டன் களிமண் கோடையில் சுருங்கும், மழைக்காலத்தில் ஊதும். ஆறு மாத அளவை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது.

பிரித்தால் என்ன போகும் தெரியுமா? ஜன்னல் மேல் இருக்கும் தேய்த்த செங்கல் வளைவு. ஒவ்வொரு கல்லையும் ஆப்பு வடிவில் தேய்த்து, ஒன்றிரண்டு மி.மீ. சந்தில் சுண்ணாம்புப் பால் தொட்டு வைத்தது. பிரித்ததைத் திரும்ப வைத்தால் அந்த மெல்லிய கோடு வராது. பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடம் என்றால் அந்த நாட்டின் 1990 சட்டப்படி அனுமதி வேறு வாங்க வேண்டும். தைத்தால் போதுமா என்பதுதான் அவர்களும் முதலில் கேட்பது.

செம்மண்சூளை
வளைவு என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த அழகான வளைவு அரைக்கல் கனம்தான். அதன் முதுகில் பின்சுவரைத் தாங்குவது மர உத்திரம். வளைவு இறங்கியிருந்தால் கல்லைப் பார்க்காதீர்கள், உத்திரத்தைக் குத்திப் பாருங்கள்.

ஜன்னல் ஓரத்துக்கும் வருகிறேன். 1709-ல் வந்த கட்டட விதி ஜன்னலின் மரச் சட்டத்தைச் சுவர் முகத்திலிருந்து நான்கு அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னது. 1774 விதி, ஏறி இறங்கும் ஜன்னலின் எடைக்குண்டு தொங்கும் பெட்டியையே செங்கல்லுக்குப் பின்னால் மறைக்கச் சொன்னது. தீ பரவாமல் இருக்க நல்லது. ஆனால் அந்த ஓரத்தில் முதுகுச் சுவரைக் குடைந்துதான் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. 1780-கள் வீட்டில் ஜன்னலின் இரண்டு பக்கமும் தோல் மட்டும் தனியாக நிற்கிறது. நீங்கள் கம்பி அடிக்கிறேன் என்று துளை போட்டால் பெட்டிக்குள்தான் போய் விழும்.

எல்லாவற்றையும் விட மோசம், பின்சுவருக்குள் படுக்கையாகப் புதைத்த கட்டு மரம். கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஓடும் ஈயத் தகட்டு வாய்க்கால் ஒழுகினால் முதலில் நனைவது மேல்தளத்து மரம். மரம் உளுத்து நசுங்க, பின்சுவர் சில மி.மீ. இறங்குகிறது. தோல் இறங்காது, அதில் நசுங்க ஒன்றுமில்லை. இறங்கியவன் பாரத்தை நிற்பவன் தலையில் போடுகிறான். அரைக்கல் தோல் அதைத் தாங்காமல் வெளியே வளைகிறது. மரத்தை அப்படியே விட்டுவிட்டுத் தைத்தால், இறங்கும் சுவரோடு நிற்கும் சுவரைக் கட்டிப் போட்டதாகும்.

கரணை
இது சரி. இதுக்கு நடுவுல வாய்டு, அதாவது வெற்றிடம், இருக்குன்னு கிரவுட் (நீர்த்த கலவை) ஊத்துறவங்களையும் சொல்லணும். மேலேயிருந்து ஒரே மூச்சா மூணு மீட்டர் ஊத்தினா அடியில சதுர மீட்டருக்கு அஞ்சு டன் அழுத்தம். தைக்க வந்தவங்களே தோலை உரிச்சிடுவாங்க. கீழேயிருந்து அரை மீட்டர், அது இறுகின பிறகு அடுத்த அரை மீட்டர். சிமெண்ட் கிரவுட் வேண்டாம், சுண்ணாம்பு கிரவுட்.

சந்து அடைக்கிறதும் அப்படித்தான். கிரைண்டர் வச்சுச் சுரண்டினா 5 மி.மீ. சந்து 10 ஆகும், செங்குத்துச் சந்துல கல்லையே வெட்டிடும். கையால உளி. ஆழம் 25 மி.மீ. போதும். மேல சிமெண்ட் அடைச்சா ஈரம் சந்து வழியா வெளிய வராம கல் வழியா வரும், உப்பு கல்லுக்குள்ள படியும், பனி விழுந்தா முகம் செதில் செதிலா உரியும். சிமெண்ட் அப்படியே நிக்கும், கல் உள்ள போயிருக்கும்.

தூக்குக்குண்டு
சிமெண்ட் வேண்டாம் என்பதில் யாருக்கும் சண்டையில்லை. ஆனால் "சுண்ணாம்பு" என்று மட்டும் சொன்னால் கடையில் என்.எச்.எல். (நீரிலும் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு) 5 தூக்கிக் கொடுப்பான். அதன் வலிமை 28 நாளில் சதுர மி.மீ.க்கு 5 முதல் 15 நியூட்டன் வரை போகும். மட்டக் கல்லுக்கு அது சிமெண்டுக்குத் தம்பி. முகப்புக்கு என்.எச்.எல். 2, இல்லை ஊறிய சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. மழை அடிக்கும் கைப்பிடிச் சுவருக்கு வேண்டுமானால் 3.5. 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் வேலையை நிறுத்திவிட்டு ஈரச் சாக்கு போட்டு மூட வேண்டும்.

கட்டு மர விஷயத்தில் செம்மண்சூளை சொல்வதை எடுத்துக்கொள்கிறேன். தைக்கும் முன் மரத்தை எடுக்கத்தான் வேண்டும். உள்பக்கமாக, ஒரு தடவைக்கு ஒரு மீட்டருக்கு மேல் வெட்டாமல், செங்கல்லும் ஸ்லேட் சில்லும் வைத்து இறுக்கி, அது பிடித்த பிறகு அடுத்த துண்டு. ஜன்னல் ஓரக் கம்பியைப் பெட்டியைத் தவிர்த்துச் சாய்வாக விடலாம். ஆனாலும் 40 மி.மீ.க்குப் பிரிக்க மாட்டேன்.

செம்மண்சூளை
சந்தில் 10 மி.மீ. துளை போட்டு எண்டாஸ்கோப் (குழாய்க் கேமரா) விட்டுப் பாருங்கள். தோலுக்கும் முதுகுக்கும் இடைவெளி ஒரு விரல் கனத்துக்குள் என்றால் நீங்கள் தையுங்கள், நான் தடுக்கவில்லை. அதற்கு மேல் போனால் அந்த இரண்டு ஜன்னல் நடுவில் மட்டும் பிரிக்கத்தான் வேண்டும். சுண்ணாம்பில் வைத்த கல் என்பதால் உளியில் சுத்தமாக வரும், அதே கல்லையே திரும்ப வைக்கலாம். உடைத்த தலை முழுசாகாது. இரண்டு மட்டமும் சேரும் வரியில் மட்டும் பழைய முழுக்கல் வாங்கிக் குறுக்கே விடுங்கள்.

கரணை
தரைப் பலகையையும் ஒண்ணு தூக்கிப் பாருங்க. பலகை முகப்புக்கு இணையா ஓடினா சட்டம் முன்சுவர்ல உட்கார்ந்திருக்கு, சட்ட நுனியிலயே பட்டை அடிக்கலாம். பலகை முகப்பை நோக்கி ஓடினா சட்டம் பக்கத்து வீட்டோட பகிர்ந்துக்கிற பொதுச்சுவர் ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குப் போகுது, முன்சுவரை எந்தத் தளமும் பிடிக்கலை. அப்போ பட்டையை மூணு சட்டம் தாண்டிக் கொண்டு போகணும், இடையில கட்டை அடிக்கணும். இதைப் பார்க்காம ரெண்டு பேரும் 17-ஆ 57-ஆன்னு சண்டை போடுறீங்க.