வியட்நாம் போர் ஆவணப்படம் பார்த்த அனுபவங்கள்: சிலர் எழுதியவை

2017 செப்டம்பரில் கென் பர்ன்ஸும் லின் நோவிக்கும் எடுத்த ‘வியட்நாம் போர்’ தொடர் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்-இல் ஓடியபோது நான் ஒஹாயோவில் இருந்தேன். 10 பகுதிகள், மொத்தம் 18 மணி நேரம். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அப்போது எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. ஆறு வருடப் பழக்கம் என்றாலும் புல் வெட்டுவது, பனி தள்ளுவது தாண்டிப் பேச்சு போனதில்லை. அவர் வியட்நாமுக்குப் போய் வந்தவர் என்பதே எனக்குத் தெரியாது. டிவியில் ஏதோ சரியாக வரவில்லை என்று கூப்பிட்டார்கள், சரிசெய்யப் போனவன் உட்கார்ந்துவிட்டேன். அதன்பிறகு தினமும் போனேன்.

அவர் கட்டாய ராணுவச் சேவையில் போனவர். அவர் மனைவியோ அதே காலத்தில் ஒஹாயோவில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டு, போருக்கு எதிரான ஊர்வலங்களில் நடந்தவர். கல்யாணத்தின்போதே இதைப் பற்றிப் பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டார்களாம். நாற்பது வருடத்துக்கும் மேல் அதைக் காப்பாற்றியும் வந்திருக்கிறார்கள்.

எட்டாம் பகுதியில் ஒஹாயோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம் வருகிறது. 1970 மே 4, போர் எதிர்ப்புப் போராட்டத்தின்போது தேசியக் காவல்படை சுட்டு நான்கு மாணவர்கள் இறந்த நாள். அந்த அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். படம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் பெரியவர், திரையைப் பார்த்தபடியே சொன்னார்: “அந்தச் செய்தி அங்கே எங்களுக்கு வந்தபோது ‘நல்லா வேணும்’ என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தன்.” அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வேறென்ன செய்வது?

இரண்டு நாள் கழித்து வேலியோரம் நின்று அவரே பேசினார். அன்று அதிபர் நிக்ஸனின் ஆலோசகராக இருந்த கிஸ்ஸிங்கரையோ, அந்தப் போரில் கைதியாக இருந்து பிறகு செனட்டரான மெக்கெய்னையோ உட்கார வைத்து விளக்கம் சொல்ல விட்டிருந்தால் முதல் நாளே அணைத்திருப்பேன் என்றார். அந்தத் தொடரில் பேசுகிற ஏறக்குறைய எண்பது பேரில் பெரும்பாலோர் சாதாரண ஆட்கள்: கடற்படைப்பிரிவு வீரர், மகனைப் பறிகொடுத்த தாய், போராட்டக்காரர், வடக்கு வியட்நாம் சிப்பாய். “எதிரில் இருந்தவனும் ராத்திரியில் என்னை மாதிரிதான் பயந்திருக்கிறான். அவன் அதை டிவியில் சொல்கிறான், நான் என் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை.”

*

மேலே எழுதியவருக்கு நன்றி. ஆனால் என் அனுபவம் வேறு மாதிரி.

தெற்கு கலிஃபோர்னியாவில் என்னோடு வேலை பார்த்த ஒரு வியட்நாமியத் தோழியின் அப்பா, அமெரிக்காவின் பக்கம் நின்று போரிட்ட தெற்கு வியட்நாம் ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர். 1975-இல் வடக்கு ஜெயித்த பிறகு, தோற்றவர்களை அடைத்துவைத்த ‘மறுகல்வி’ முகாமில் பல வருடம். அவர் மூன்றாம் பகுதியோடு நிறுத்திவிட்டார். நல்ல மனிதர்கள் நல்லெண்ணத்தோடு தொடங்கிய போர் என்று ஆரம்பத்திலேயே பின்னணிக் குரல் சொல்கிறதே, அதிலேயே அவருக்குக் கோபம். தெற்கு வியட்நாம்காரர்களும் படத்தில் பேசுகிறார்கள்தான். “ஆனால் நாங்கள் வரும்போதெல்லாம் ஊழல், ஓட்டம், இதுதான்” என்றாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை அங்கேயே வெஸ்ட்மின்ஸ்டர் நகரத்தில் உள்ள பூங்காவுக்குக் கூட்டிப்போனார். ஓர் அமெரிக்க வீரரும் ஒரு தெற்கு வியட்நாம் வீரரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் சிலை அங்கே இருக்கிறது, 2003-இல் திறந்தது. போரில் இறந்த அமெரிக்கர்களுக்காக வாஷிங்டனில் எழுப்பிய நினைவுச் சுவரில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன, அவர் ஆட்களின் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. அதை அவர் குறையாகச் சொல்லவில்லை, அது அமெரிக்கர்களின் சுவர் என்றார். படம் மட்டும் எல்லாருடையது என்று சொல்லிக்கொண்டு வந்ததுதான் அவருக்கு வலித்தது. ஒரு நாடு தன் போரை அலசிப் பார்க்கிறது என்கிறோம், எந்த நாடு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

*

நான் பழைய படம் ஒன்றைச் சொல்கிறேன். படத்தொகுப்பு வகுப்பில் பீட்டர் டேவிஸின் ‘ஹார்ட்ஸ் அண்ட் மைண்ட்ஸ்’ (1974) போட்டார்கள். தெற்கு வியட்நாமில் ஒரு சிப்பாயின் அடக்கம். குழிக்குள் இறங்கப் போகும் ஒரு பெண்ணைப் பிடித்து இழுக்கிறார்கள், ஒரு சிறுவன் புகைப்படத்தை அணைத்துக்கொண்டு அழுகிறான். உடனே வெட்டு. வியட்நாமில் அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை தாங்கிய தளபதி வெஸ்ட்மோர்லண்ட் வந்து, கீழைநாட்டுக்காரர்களுக்கு உயிர் அவ்வளவு பெரிதில்லை என்ற பொருளில் பேசுகிறார்.

வகுப்பில் பெரிய சண்டை. அந்த வெட்டு நியாயமில்லை, அவர் அதைச் சொன்னது இந்தச் சாவைப் பார்த்துவிட்டு இல்லையே என்றான் ஒருவன். நான் இன்றும் டேவிஸ் பக்கம்தான். அந்தப் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது 1975 ஏப்ரலில், தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகோன் விழுவதற்குச் சில வாரம் முன்பு. போர் முடியாதபோது எடுத்த படம் நிதானமாக இருக்க முடியாது. பர்ன்ஸுக்கு நாற்பது வருட இடைவெளி கிடைத்தது, அந்த வசதி டேவிஸுக்கு இல்லை.

*

முதலில் எழுதியவன்தான். அந்தத் தம்பதி மிச்சத்தையும் பார்த்தார்களா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். இல்லை. எட்டாம் பகுதியோடு நின்றுவிட்டது. போன கிறிஸ்துமஸுக்கு ஃபோன் செய்தபோது கேட்டேன். “இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறது, அவள் எப்போது சொல்கிறாளோ அப்போது” என்றார்.