புதுப்பிப்பு: ரெண்டர் செய்யும்போது 100 டிகிரி தொட்ட பிராசஸர் (தீர்ந்தது)

உதவிய எல்லோருக்கும் நன்றி. வீடியோ ரெண்டர் (எடிட் செய்த வீடியோவை இறுதிக் கோப்பாக மாற்றும் வேலை) தொடங்கிய இரண்டே நிமிடத்தில் பிராசஸர் 100 டிகிரியைத் தொட்டு, கணினி தானாக அணைந்துவிடுகிறது என்று கேட்டிருந்தேன்.

முதலில் ஃபேன் தூசியைத் துடைத்தேன், பெரிய மாற்றமில்லை. அப்புறம், பிராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டை வெளியேற்றும் கூலரைக் கழற்றி, இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசும் பேஸ்ட் பதிந்திருக்கும் விதத்தைப் பார்க்கச் சொன்னவரின் யோசனைதான் கைகொடுத்தது. ஒரு ஓரத்தில் பேஸ்ட் மெல்லிசாகப் பரவியிருந்தது. எதிர் மூலையில் வைத்தது வைத்தபடி தடிமனாக நின்றது. அந்த மூலையில் கூலர் சரியாக அழுந்தவில்லை: அதை மதர்போர்டில் பிடித்து வைக்கும் நான்கு பின்களில் ஒன்று போர்டின் மறுபக்கம் வரை இறங்கவே இல்லை! பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புதிது வைத்து, பின்களை எதிரெதிர் மூலையாக 'டக்' என்று கேட்கும்வரை அழுத்தினேன்.

இப்போது அதே ரெண்டரில் 74 டிகிரி. எதிர்பாராதது, வேலையும் சீக்கிரம் முடிகிறது. சூட்டைக் கட்டுப்படுத்த பிராசஸர் இத்தனை நாளும் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டே ஓடியிருக்கிறது.