பெரியப்பாவோடு 'கங்கா தின்' பார்த்த ராத்திரி

பழைய ஹாலிவுட் படங்களில் நம்மவர்களை எப்படிக் காட்டினார்கள் என்ற பேச்சுக்கு என் பங்குக்கு நானும் ஒன்று சொல்கிறேன். எங்கள் பெரியப்பா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சண்டைப் படம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது 1939-இல் வந்த 'கங்கா தின்' என்ற ஹாலிவுட் படத்தைப் போட்டுக் காட்டினேன். வெள்ளைக்காரன் ஆண்ட இந்தியாவின் வடமேற்கு எல்லையில் மூன்று வெள்ளைக்கார சார்ஜென்ட்கள், எதிரே தக்கர் என்ற கொலைகாரக் கொள்ளைக் கூட்டம்.

"இது எந்த மலைடா?" என்றார். கலிஃபோர்னியாவில் லோன் பைன் பக்கம் எடுத்தது என்றதும் சிரித்தார்.

கங்கா தின் பட்டாளத்துக்குத் தண்ணீர் சுமப்பவன். தோலில் சாயம் பூசி, தலைப்பாகை கட்டி அந்த வேஷத்தில் வருபவர் நியூயார்க்காரரான சாம் ஜாஃப். ஒரு காட்சியில் சிப்பாய்கள் கவாத்து செய்கிறார்கள். இவன் தள்ளி நின்று, யாருக்கும் தெரியாமல் அதே மாதிரி செய்து பார்க்கிறான். சார்ஜென்ட்களில் ஒருவராக வரும் கேரி கிராண்ட் பார்த்துவிட்டு, வேடிக்கையாகத் திருத்திக் கொடுக்கிறார். நான் சிரித்துவிட்டேன். பெரியப்பா சிரிக்கவில்லை.

"ஏன் ஒளிஞ்சு செய்யறான்?"

"அவன் சிப்பாய் இல்லை பெரியப்பா, தண்ணிக்காரன்."

தக்கர் கூட்டத்தின் தலைவனான வில்லன் குருவாக நடித்தவர் இத்தாலியில் பிறந்த எதுவார்தோ சியானெல்லி. உங்கள் நாட்டுக்காக நீங்கள் சாவது போல என் நாட்டுக்காக நானும் சாவேன் என்று சொல்லிவிட்டுப் பாம்புக் குழியில் குதிக்கிறார். படத்திலேயே உருப்படியான வசனம் அதுதான், அதைப் போய் வில்லன் வாயில் வைத்திருக்கிறார்கள்! வங்காளத்திலும் பம்பாயிலும் படத்துக்குத் தடை விழுந்ததில் ஆச்சரியமே இல்லை.

இதற்கு நடுவில் சாபுவைப் பற்றியும் சொன்னேன். மைசூர்ப் பக்கத்து யானைப்பாகன் மகன், நடிகராகி ஹாலிவுட் வரை போனவர். 1944-இல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, நிஜமாகவே குண்டுவீச்சு விமானத்தில் வால் பக்கத் துப்பாக்கியோடு உட்கார்ந்து சண்டை போட்டு, பதக்கமும் வாங்கினார். "அவன் கதையை எடுத்திருக்கலாமே" என்றார் பெரியப்பா.

கடைசியில் கங்கா தின் கொம்பு ஊதி எல்லோரையும் காப்பாற்றிச் செத்துப்போகிறான். அப்புறம்தான் கார்ப்பரல் பதவி. ஆவியாக, முழு யூனிஃபார்மில் சல்யூட் அடித்துச் சிரிக்கிறான். பெரியப்பா ரிமோட்டை வாங்கி அணைத்தார்.

"கடைசி வரைக்கும் அவனுக்குச் சம்பளம் எவ்வளவுன்னு சொல்லவே இல்லையேடா."