ரிமோட் கன்ட்ரோல் நைட்ரோ (எரிபொருள் எஞ்சின்) ட்ரக்கை எலக்ட்ரிக்காக மாற்றியவர்கள் பேசிக்கொண்டது: எங்கே இடிக்கும், என்ன செய்யணும்

பல்சக்கரம்:
எஞ்சினைக் கழற்றி மோட்டார் வைப்பது சுலபம். மாட்டிக்கொள்ளும் இடம் கியர்பாக்ஸ். டி-மேக்ஸ், சாவேஜ் மாதிரி மான்ஸ்டர் ட்ரக்கில் ரெண்டு ஸ்பீடு இருக்கும். இந்த வகை கியர்பாக்ஸ் பெரும்பாலானவற்றில் முதல் கியர் ஒன்வே பேரிங் (ஒரு பக்கம் மட்டும் பிடித்து, மறுபக்கம் நழுவும் பேரிங்) மேல் உட்கார்ந்திருக்கும். ரெண்டாவது கியர் பிடித்ததும் முதல் கியர் விலகிக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு. நைட்ரோவில் பிரேக் தனி டிஸ்க் என்பதால் தொந்தரவில்லை. எலக்ட்ரிக்கில் பிரேக், ரிவர்ஸ் ரெண்டும் மோட்டார் வழியாக வரணும். மோட்டார் நின்றால் ஒன்வே நழுவும், வண்டி பாட்டுக்கு ஓடும். ரிவர்ஸ் கொடுத்தால் மோட்டார் கத்தும், சக்கரம் அசையாது. இதை இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி) கோளாறு என்று நினைத்துப் புது இஎஸ்சி வாங்குகிறவர்கள் உண்டு. பாவம்.

ரெண்டாவது கியரையும் அதன் கிளட்ச் ஷூவையும் முழுசாக வெளியே எடுங்கள். முதல் கியரில் ஒன்வேயை அழுத்தி எடுத்துவிட்டு, அதே அளவு ஸ்டீல் புஷ் போட்டு ஷாஃப்டோடு பின் (pin) அடித்துப் பூட்டணும். எபாக்ஸி ஊற்றி ஒட்டினால் சூட்டில் விட்டுவிடும். ஒன்வேயைப் பூட்டிவிட்டு ரெண்டாவது கியரை உள்ளேயே விடாதீர்கள். ரெண்டு கியரும் வெவ்வேறு விகிதம். ரெண்டும் ஒரே நேரத்தில் பிடித்தால் பல் தெறிக்கும். கியர்பாக்ஸிலேயே ரிவர்ஸ் உள்ள வண்டியானால் ரிவர்ஸ் மாற்றும் ஃபோர்க்கை முன்பக்கமே பூட்டி, அதை அசைக்கும் சர்வோவைக் கழற்றிவிடலாம்.

1/8 ட்ரகி (பக்கி அடித்தளத்தில் செய்த ட்ரக்) வைத்திருப்பவருக்கு இந்தத் தலைவலியே கிடையாது. ரெண்டு ஸ்பீடு கிடையாது, சென்டர் டிஃப் (டிஃபரன்ஷியல்) மட்டும்தான்.

வோல்ட்டுக்கணக்கு:
மோட்டார் கேவி (ஒரு வோல்ட்டுக்கு எத்தனை ஆர்பிஎம் என்ற எண்) எத்தனை என்று கேட்பவர்களுக்கு: இந்த எஞ்சின்கள் உச்சத்தில் சுமார் 30,000 முதல் 35,000 ஆர்பிஎம் சுற்றும். மோட்டாரையும் அதே வட்டத்தில் வைத்தால் பழைய பல் விகிதமே ஒத்துப்போகும். 4எஸ் (நாலு செல் லைப்போ பேட்டரி) என்றால் 14.8 வோல்ட், 2200 கேவி, பெருக்கினால் 32,560. 6எஸ் என்றால் 22.2 வோல்ட், 1500 கேவி, 33,300. அதே 2200 மோட்டாரில் 6எஸ் போட்டால் 48,840 வரும். டயர் பலூன் மாதிரி விரியும், ஒட்டு பிய்யும். அந்த ஜோடிதான் வேணும் என்றால் பினியனை (மோட்டார் ஷாஃப்டில் உட்காரும் பல்சக்கரம்) சின்னதாக்கியே ஆகணும்.

ஸ்க்ரூடிரைவர்:
கிளட்ச் பெல்லை மோட்டாரில் மாட்ட முடியாது. 5 மிமீ துளையுள்ள ஸ்டீல் பினியன் வாங்குங்கள், ஸ்பர் (பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) எந்த மாட்யூலோ (பல்லின் அளவு) அதே மாட்யூல். மாட் 1 என்றால் மையத் தூரக் கணக்கு எளிது: ரெண்டு பல் எண்ணிக்கையையும் கூட்டிப் பாதி. ஸ்பர் 47, பினியன் 15 என்றால் 31 மிமீ. ஒரு பல் கூடினால் மோட்டார் அரை மிமீ நகரணும். மவுண்ட்டில் துளை போடாமல் நீள ஸ்லாட் வெட்டச் சொல்வது அதற்காகத்தான்.

இடைவெளிக்கு, நோட்டுப் பேப்பர் துண்டு ஒன்றைப் பற்களுக்கு நடுவே விட்டு, மோட்டாரை நெருக்கி, ஸ்க்ரூவை முறுக்குங்கள். ஸ்பரைச் சுற்றி பேப்பரை வெளியே எடுத்தால் மடிப்பு மடிப்பாக வரணும், கிழியக் கூடாது. ஸ்பர் துல்லியமான வட்டமாக இருக்காது, நாலு இடத்தில் பாருங்கள். பினியனின் செட் ஸ்க்ரூ ஷாஃப்டின் தட்டைப் பக்கத்தில் உட்காரணும், நீலத் த்ரெட்லாக் ஒரு சொட்டு.

ஃப்ளைவீலுக்காக சேஸிஸில் வெட்டிய ஓட்டை அப்படியே இருக்கும். அதன் வழியாக வரும் ஒரு சின்னக் கல் ஸ்பரை முடித்துவிடும். 2 மிமீ அலுமினியத் தகடு வைத்து அடைத்துவிடுங்கள். பழைய எரிபொருளின் எண்ணெய்ப் பிசுக்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்த பிறகே டபுள் டேப். இல்லாவிட்டால் இஎஸ்சி கழன்று தொங்கும்.

லைப்போ_பயம்:
இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய 6 வோல்ட் ரிசீவர் பேட்டரியும் இஎஸ்சியின் பிஇசியும் (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தரும் பகுதி) ஒன்றாக ரிசீவருக்குப் போகக் கூடாது. பேட்டரியை எடுத்துவிடுங்கள். பிஇசியை 7.4 வோல்ட்டில் வைக்கும் முன் ஸ்டியரிங் சர்வோ எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள், 6 வோல்ட் சர்வோ புகையும்.

அடுத்தது ரேடியோ. நைட்ரோவுக்குப் பிரேக் பக்கம் இபிஏவை (ட்ரிக்கரை முழுசாக இயக்கினால் சிக்னல் எதுவரை போகும் என்ற அளவு) 30, 40 சதவீதம் என்று குறைத்து வைத்திருப்பார்கள். அதை மறந்து இஎஸ்சி காலிபிரேஷன் செய்தால் ரிவர்ஸ் எண்டை அது ஏற்றுக்கொள்ளாது. இபிஏ ரெண்டு பக்கமும் 100, ட்ரிம் 0, பிறகு காலிபிரேஷன். ஃபெயில்சேஃபை (சிக்னல் அறுந்தால் வண்டி என்ன செய்யணும் என்ற செட்டிங்) நியூட்ரலில் வையுங்கள். சென்சார் இல்லாத மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் மூன்று வயரில் ஏதாவது ரெண்டை மாற்றினால் போதும். சென்சார் மோட்டாரில் வயரைத் தொடாமல் செட்டிங்கில் மாற்றுங்கள்.

லைப்போ கட்ஆஃப் செல்லுக்கு 3.2 வோல்ட்டுக்குக் கீழே வேண்டாம். 5000 எம்ஏஎச் என்றால் 5 ஆம்பியரில் சார்ஜ்.

புது ஆள்:
டேங்க் இருந்த இடத்தில் ஒரே 4எஸ் வைக்கலாமா, ரெண்டு 2எஸ் நல்லதா?

பல்சக்கரம்:
ரெண்டு 2எஸ், சீரீஸில், இடம் ஒன்று வலம் ஒன்று. ஒரே கட்டியாக ஒரு பக்கம் வைத்தால் குதித்து இறங்கும்போது வண்டி அந்தப் பக்கமே சாயும். ரெண்டும் ஒரே வயசு பேட்டரியாக இருக்கணும். டிஃபையும் திறந்து பாருங்கள் தம்பி. கிளட்ச் நழுவி இழுத்த வண்டி அது, மோட்டார் நின்ற இடத்திலேயே முழு முறுக்கையும் கொடுக்கும். ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) சரியில்லாத ரிங் கியர்தான் முதலில் போகும். ஆரம்பத்தில் இஎஸ்சியின் பஞ்ச் செட்டிங்கை (கிளம்பும்போது எவ்வளவு வேகமாகப் பாயணும் என்பது) குறைத்து வையுங்கள். 5 நிமிஷம் ஓட்டி, மோட்டாரில் ஐஆர் கன் பிடியுங்கள். 80 டிகிரி செல்சியஸ் தாண்டினால் பினியனில் ஒரு பல் குறையுங்கள், மோட்டாரையும் அரை மிமீ நகர்த்துங்கள்.