ரேடியோவில் கேட்ட மேட்ச்: இன்னும் உறுத்துகிற ஒரு நிமிடம் (அனுபவப் பகிர்வு)

சிலேட்டுக்காரன்

1999 சேப்பாக்கம், பாகிஸ்தான் டெஸ்ட். இந்தியாவுக்கு 271 இலக்கு, 82-க்கு 5, அப்புறம் சச்சினும் மோங்கியாவும். மேட்ச் கதை எல்லாருக்கும் மனப்பாடம், அதை விடுங்கள்.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. துறையூர்ப் பக்கம் எங்கள் ஊர். அன்றைக்குக் கரண்ட் இல்லை. பஸ் ஸ்டாப் டீக்கடையில் ஒரு பழைய டிரான்சிஸ்டர். செல் வீக். சத்தத்தைக் கூட்டினால் செத்துவிடும் என்பதால், பாய்லர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து காதை ஒட்டிக் கேட்பது என் வேலை. ப்ளஸ் டூ படிக்கிற பையன், இங்கிலீஷ் புரியும் என்று ஊர் நம்பியது. இந்தி ஆள் மைக்கைப் பிடித்துவிட்டால் கூட்டத்தின் இரைச்சலை வைத்து உத்தேசம்தான். வெளியே சிலேட்டில் ஸ்கோர் எழுதுவதும் நானே.

254-க்கு 6. சச்சின் 136. இன்னும் 17. சக்லைன் பந்தைத் தூக்கி அடித்தார், வாசிம் அக்ரம் பிடித்தார். ரேடியோவில் அத்தனை ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். செல் தீர்ந்துவிட்டது என்றே முதலில் நினைத்தேன்.

சாக்பீஸோடு வெளியே வந்தேன். அதே நேரம் டவுன் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் நின்றபடி, "தம்பி, என்னாச்சு?" சிலேட்டில் பழைய ஸ்கோர். "சச்சின் நிக்கிறாருண்ணே, பதினேழுதான் வேணும்" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவர் உள்ளே திரும்பிச் சொன்னார், பஸ்ஸே ஊளையிட்டது. டபுள் விசில். போய்விட்டார்கள். நான் மறுபடி காதை வைத்தபோது 256-க்கு 9.

258-ல் எல்லாம் முடிந்தது. 12 ரன்னில் தோல்வி. கடைசி நாலு விக்கெட்டுக்கு நாலு ரன்.

மாம்பலம்_மாடி

சார், நீங்களாவது கேட்டீர்கள். நான் கேட்கவே இல்லை.

9 அக்டோபர் 1987, அதே சேப்பாக்கம், உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் மேட்ச், ஆஸ்திரேலியாவோடு. கடைசி ஓவர் ஸ்டீவ் வாக். ஆறு வேணும், மணீந்தர் ரெண்டு ரெண்டா நாலு எடுத்துட்டார். ரெண்டு பந்து, ரெண்டு ரன். ஓடி வருகிறார்... மேல் வீட்டு மாமி மிக்ஸியைப் போட்டார். கொர்ர்ர்ர்ர். மீடியம் வேவ்காரர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை. முழுசா அரை நிமிஷம். அது நின்றபோது ரேடியோவில் ஒருத்தர் நிதானமாக யார் யார் எவ்வளவு என்று படித்துக்கொண்டிருந்தார். அந்த நிதானத்திலேயே தெரிந்துவிட்டது.

வீடியோவில் அந்தப் பந்தை எத்தனையோ தடவை பார்த்தாச்சு. பார்த்துத் தீரவில்லை. ஒரு ரன்னில் தோல்வி. டீன் ஜோன்ஸ் அடித்த அந்த நாலை இடைவேளையில் ஆறாக்கிக் கொடுத்தோம் பாருங்கள், 268-ஐ 270 ஆக்கினோம் பாருங்கள், அதைப் பற்றி நான் ஆரம்பித்தால் இந்த இழை முடியாது.

ஃபெரைட்_ராடு

என் அனுபவம்: ஜனவரி 1988, ஹிர்வானி, முதல் டெஸ்டிலேயே 136 ரன்னுக்கு 16 விக்கெட். ஹாஸ்டலில் கேட்டேன். நன்றாக இருந்தது.

மாம்பலம் சாருக்கு ஒரு விஷயம். மிக்ஸி மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசும்போது தீப்பொறி வரும். ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர். வீட்டு ஒயர் முழுக்க அது பரவும். கிரைண்டர் மோட்டாரில் பிரஷ் கிடையாது, அதனால் அது பொதுவாக இந்தத் தொந்தரவு செய்யாது. நீங்கள் அன்றைக்குச் செய்திருக்க வேண்டியது, முதலில் செட்டை மெயின்ஸிலிருந்து எடுத்து செல்லில் போடுவது. அடுத்து, செட்டைத் திருப்புவது. உள்ளே கருப்பாக ஒரு குச்சி, அதன் மேல் செம்புக் கம்பி சுற்றியிருக்கும், அதுதான் ஆன்டெனா. குச்சியின் முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்துச் சத்தம் குறையும். முனையை மாமி வீட்டுப் பக்கம் காட்டிவிட்டால் பாதி பிரச்சினை தீர்ந்தது. ஏரியலை இழுத்து இழுத்து ஆட்டுவார்கள், மீடியம் வேவுக்கு அதனால் பைசா பிரயோஜனம் இல்லை. அது ஷார்ட் வேவுக்கு. சென்னை 720 கிலோஹெர்ட்ஸ் 200 கிலோவாட், மாம்பலத்தில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்க முடியவில்லை என்றால் செட் வைத்த இடம் தப்பு. இரும்பு பீரோ மேல் வைத்திருந்தீர்களா?

மாம்பலம்_மாடி

பீரோ மேல்தான். ஆனாலும் இதை 1987-ல் சொல்லியிருக்கலாம்.

பாளை_பேரன்

இங்கிலீஷ், இந்தி என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தமிழ் வர்ணனை ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லையா? 1980-ல் ரஞ்சி, தமிழ்நாடு – கேரளா, சேப்பாக்கம். அப்துல் ஜப்பார் பந்துக்குப் பந்து தமிழில் சொன்னார். சாத்தான்குளத்துக்காரர். 2020 டிசம்பரில் போய்ச் சேர்ந்தார்.

அவர் குரல் வரும்போதுதான் எங்க ஆச்சி ரேடியோ பக்கத்தில் வந்து உட்காருவாள். இங்கிலீஷ் ஓடினால் அடுக்களையை விட்டு வரமாட்டாள். வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டே கேட்பாள். ஆட்டம் ஒண்ணும் தெரியாது. ஒரு நாள் யாரோ ஒரு பையன் முதல் பந்திலேயே அவுட். ஆச்சி சுண்ணாம்பு விரலை அப்படியே நிறுத்திட்டு, "பாவம்ல, அவன் அம்மை இதக் கேட்டுக்கிட்டு இருப்பாளே" என்றாள்.

நான், "சும்மா இரி ஆச்சி, ஒண்ணும் கேக்கல" என்று கத்திட்டேன். எனக்குப் பன்னிரண்டு வயசு. அதற்கப்புறம் அவள் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. கோபமெல்லாம் இல்லை. வெத்தலைப் பெட்டியோட திண்ணைக்குப் போயிட்டா.

கச்சேரி_ரோடு

பாளை தம்பி சொல்வது சரி, ஆனால் சென்னை வானொலி நிலையத்துக் கிரிக்கெட் கதையை 1980-ல் தொடங்குவது நியாயமில்லை. நிலையம் 1938 ஜூனில் வந்தது. அதற்கு முன்பே மாநகராட்சி வானொலி நடத்தியிருக்கிறது. 1954-55-ல் மெட்ராஸ் முதல் முறை ரஞ்சி ஜெயித்தபோது கேப்டனாக இருந்த பாலு அழகனனே பிற்காலத்தில் வர்ணனையாளர். ஆடத் தெரிந்தவர் மைக் பிடித்தால் எப்படி இருக்கும் என்று அப்போதே எங்களுக்குத் தெரியும். சும்மா தமிழில் சொன்னால் பெருமை என்று...

என் அனுபவம் கேட்டால்: 22 செப்டம்பர் 1986. ஆஸ்திரேலியாவோடு டை. 348 அடிக்க வேண்டும், 347-ல் நிற்கிறது. ஆபீஸ் மேஜை டிராயருக்குள் பாக்கெட் ரேடியோ, டிராயர் ஒரு அங்குலம் திறந்து. மேத்யூஸ் பந்து, மணீந்தர் காலில் பட்டது, விக்ரம்ராஜு விரலைத் தூக்கினார். அந்த நொடியில் என் மேலதிகாரி எதிரில் வந்து நின்றார். டிராயரைச் சாத்தினேன். அவர் சொன்னார், "திறய்யா, யார் ஜெயிச்சது?" யாரும் ஜெயிக்கவில்லை என்றேன். திமிராகப் பதில் சொல்கிறேன் என்று நினைத்து இரண்டு நாள் பேசவில்லை. பேப்பரில் படித்திருப்பாரே, ஏன் பேசவில்லை என்றுதான் இன்னும் யோசிக்கிறேன்.

பாளை_பேரன்

ஐயா, பெருமை என்று நான் எங்கே சொன்னேன்? ஆச்சியைப் பற்றித்தானே சொன்னேன்.

வலிகாமம்

நான் யாழ்ப்பாணம். எங்கட கதை உங்கட மேட்ச் இல்லை, லாகூர். 17 மார்ச் 1996, உலகக் கோப்பை இறுதிப் போட்டி, இலங்கையும் ஆஸ்திரேலியாவும். இடம்பெயர்ந்து தென்மராட்சியில ஒரு வளவுக்குள்ள நாலு குடும்பம் இருந்தனாங்கள். கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில ரேடியோ. எல்லாருக்கும் முறை. சுத்துறவனுக்குச் சரியாக் கேளாது, கேக்கிறவன் சுத்த வேணும். கை சோர்ந்தா ஆளின்ர குரல் கிணத்துக்குள்ள இறங்கிற மாதிரிப் போகும். "டேய் சுத்தடா, அரவிந்த அடிக்கிறான்" எண்டு சத்தம்.

ஆஸ்திரேலியா எடுத்த 241-ஐ இலங்கை மூண்டு விக்கெட் இழப்போட தாண்டி முடிச்சாங்கள். அரவிந்த 107, ஆட்டமிழக்கேல்லை. முடிஞ்சவுடன நான் சுத்துறதை நிப்பாட்டீட்டன். சில்லு மட்டும் தன்பாட்டில சுத்துது. ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை. எங்களை ஊரை விட்டுக் கிளப்பினது ஆர் எண்டு எல்லாருக்கும் தெரியும். அஞ்சு வயசுப் பெடியன் ஒருத்தன் கை தட்டினான். தாய் அவன்ர ரெண்டு கையையும் சேர்த்துப் பிடிச்சா. அடிக்கேல்லை, பேசேல்லை. சும்மா பிடிச்சுக் கொண்டிருந்தவ.

முரளியும் அந்த அணியில விளையாடினவர்தான். அதையும் ஒருத்தரும் சொல்லேல்லை.

ஃபெரைட்_ராடு

அண்ணா, மனசு கனக்குது. ஒரு டெக்னிகல் விஷயம் மட்டும். சைக்கிள் டைனமோ 6 வோல்ட் ஏசி. நாலு டயோடு போட்டு டிசி ஆக்கி, பக்கத்தில் ஒரு பெரிய கப்பாசிட்டர் வைத்தால் கை சோர்ந்தாலும் குரல் சட்டென்று இறங்காது, கொஞ்ச நேரம் தாங்கும். 9 வோல்ட் செட்டாக இருந்தால் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டியிருந்திருக்கும், ஆனால் ரொம்ப வேகம் என்றால் செட்டுக்கு ஆபத்து. இன்னொன்று, இரவில் மீடியம் வேவ் வானத்தில் பட்டுத் திரும்பி ரொம்ப தூரம் வரும். அதனால்தான் உங்களுக்கு அங்கே கிடைத்திருக்கிறது. பகலில் நடந்த மேட்சாக இருந்தால் தூரத்து நிலையம் வந்திருக்காது.

வலிகாமம்

தம்பி, டயோட் விக்கிற கடை இருந்திருந்தா அங்க பற்றரியும் இருந்திருக்கும்.

ஸ்டம்ப்_மைக்

எல்லாம் சரி, முதல் பதிவில் ஒரு சந்தேகம். 1999-ல் டிவி இல்லாத டீக்கடையா? சச்சின் அவுட்டானது ஊருக்கே தெரிந்திருக்கும். கொஞ்சம் மசாலா சேர்த்த மாதிரி இருக்கிறது.

சிலேட்டுக்காரன்

டிவி இருந்தது, எதிர்த்த மளிகைக் கடையில். கரண்ட்தான் இல்லை என்று எழுதியிருக்கிறேனே.

மாம்பலம்_மாடி

அதை விடுங்க. அந்தக் கண்டக்டரை மறுபடி பார்த்தீங்களா?

சிலேட்டுக்காரன்

அன்றைக்கே பார்த்தேன். திரும்பி வருகிற டிரிப் ஆறரைக்கு. சிலேட்டைத் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு நான் ஸ்டூலிலேயே இருந்தேன். வழக்கமாக எங்கள் கடையில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். அன்றைக்கு டிரைவர் மட்டும் இறங்கினார். கண்டக்டர் உள் விளக்கைக்கூடப் போடாமல் பின் சீட்டில் உட்கார்ந்து சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். காசு நீட்டினார், வேண்டாம் என்றேன். என் உள்ளங்கையைப் பிரித்து வைத்துவிட்டு, "பதினேழுதானேடா?" என்றார்.