பழைய பொலிரோ பிக்கப்பில் அடாஸ்: போடலாமா, வேண்டாமா?

பொலிரோக்காரன்:
வணக்கம். என்னுடையது 2014 பொலிரோ பிக்கப். ஓடியது மூன்று லட்சம் கி.மீ.க்கு மேல். ஒட்டன்சத்திரத்தில் ராத்திரி காய்கறி ஏற்றி, பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு வழியாக விடிவதற்குள் திருச்சூரில் இறக்க வேண்டும். போன மாதம் 3 மணி வாக்கில் முன்னால் போன லாரி பிரேக் பிடித்தது எனக்குத் தெரியவே இல்லை. கடைசி நொடியில் ஒடித்துத் தப்பித்தேன். கண் அசந்துவிட்டது, அதுதான் உண்மை.

இப்போது அடாஸ், அதாவது ஓட்டும்போது டிரைவருக்கு உதவும் கருவிகள், போட ஒரு கடையில் பேசியிருக்கிறேன். முன்வண்டியை நெருங்கினாலும் ரோட்டுக் கோட்டைத் தாண்டினாலும் கத்தும் கேமரா, கண்ணாடியில் தெரியாத இடத்தைப் பார்க்கப் பக்கத்துக்கு ஒரு பிளைண்ட் ஸ்பாட் ரேடார், தூங்கினால் எழுப்பும் கேமரா, ரிவர்ஸ் கேமரா, எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். "இன்னொரு 15,000 கொடுத்தால் தானாகவே பிரேக் பிடிக்கும்படி செய்து தருகிறோம்" என்கிறார்கள். போடலாமா?

பட்டறை அண்ணாச்சி:
அந்த 15,000 பேச்சை எடுத்ததுமே கடையை விட்டு எழுந்து வந்திருக்க வேண்டும் தம்பி. புது கார்களில் தானாகப் பிரேக் பிடிக்கிறது என்றால், சக்கரம் பூட்டாமல் பார்க்கும் ஏபிஎஸ், வண்டி சறுக்காமல் பார்க்கும் ஈஎஸ்சி, இவற்றின் பம்ப் இருப்பதால்தான். கால் வைக்காமலே பிரேக் ஆயிலுக்கு அழுத்தம் கொடுப்பது அந்தப் பம்ப். உங்கள் வண்டியில் அது இல்லை. இவர்கள் பெடலில் ஒரு மோட்டாரைக் கட்டி இழுப்பார்கள், அவ்வளவுதான். மழையில் காலி வண்டியாக வரும்போது அது ஒருமுறை இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும்.

என்னைக் கேட்டால் மீதி 38,000-மும் தண்டம். பின் ஆக்சிலுக்கும் பிரேக் வால்வுக்கும் நடுவில் ஒரு கம்பி போகும், பார்த்திருக்கிறீர்களா? எல்எஸ்பிவி. லோடு ஏறினால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், காலியானால் குறைக்கும். உங்கள் வண்டியில் பிறந்ததிலிருந்தே இருக்கிற டிரைவர் உதவி அதுதான். முதலில் அது வேலை செய்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

சென்சார் தம்பி:
அண்ணாச்சி, பிரேக் மோட்டார் வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதம். ஆனால் எல்லாமே தண்டம் என்பது சரியில்லை. அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்பை ஆராயும் ஐஐஎச்எஸ் அமைப்பின் கணக்குப்படி, வெறும் எச்சரிக்கை மட்டும் கொடுக்கிற கார்களிலேயே முன்வண்டியில் போய் மோதுவது 27% குறைந்திருக்கிறது. பிரேக்கும் பிடித்தால் 50%. கத்துவதாலேயே பாதிப் பலன் கிடைத்துவிடுகிறது. 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறோம். அந்த ஒரு நொடி முன்னதாக எழுப்பினால் போதாதா?

பட்டறை அண்ணாச்சி:
அது கம்பெனியிலேயே பொருத்தி வந்த கார்களின் கணக்கு. தக்காளிப் பெட்டி ஏற்றுகிற வண்டியின் கணக்கு இல்லை.

கோணமானி:
அண்ணாச்சி சும்மா சொன்னாரோ என்னவோ, விஷயம் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. ஒற்றைக் கேமரா தூரத்தை அளப்பது கோணத்தை வைத்து. கேமரா 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, முன்வண்டி 30 மீட்டரில் நிற்கிறது என்றால், அதன் டயர் தரையைத் தொடும் இடம் சுமார் 2.7 டிகிரி கீழே தெரியும். பிக்கப்பில் லோடு ஏறினால் பின்பக்கம் இறங்கும், மூக்கு தூக்கும். இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே 3 மீட்டர் என்று வைத்தால், பின்னால் 5 செ.மீ. இறங்கினாலே கிட்டத்தட்ட 1 டிகிரி.

காலி வண்டியில் அளவு சரிசெய்துவிட்டு லோடோடு போனால் 30 மீட்டர் 22 மீட்டராகத் தெரியும். சும்மா சும்மா கத்தும், தொலையட்டும். லோடோடு சரிசெய்துவிட்டுக் காலியாகத் திரும்பினால்தான் வினை. 30 மீட்டரில் இருப்பதை 48 மீட்டர் என்று நினைத்துக்கொண்டு கேமரா பேசாமல் இருக்கும்.

சென்சார் தம்பி:
நல்ல கேமராக்கள் ஓட ஓடத் தாமாகவே திருத்திக்கொள்ளும் சார். கோடுகள் தூரத்தில் போய்ச் சேருகிற புள்ளியை வைத்து மூக்கு தூக்கியிருப்பதைக் கண்டுபிடிக்கும்.

கோணமானி:
கோடு இருந்தால்! பொள்ளாச்சி தாண்டி ராத்திரி மழையில் எந்தக் கோட்டைப் பார்க்கும்? வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்குவதற்கு முன் காலியாக ஒருமுறை, லோடோடு ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வாங்காதீர்கள். அப்புறம் ரேடார். இரும்பு பம்பருக்குப் பின்னால் வைத்தால் அதற்குக் கண் தெரியாது, வெளியேதான் மாட்ட வேண்டும். வெளியே மாட்டினால் சேறும் கல்லும் அதன் மேல்தான்.

இரவு டூட்டி:
நான் சம்பளத்துக்கு ஓட்டுகிறவன். எங்கள் முதலாளி அந்தத் தூக்கக் கேமராவைப் போட்டார். இடது கண்ணாடியைப் பார்த்தால் கத்தும், கொட்டாவி விட்டால் கத்தும், பாட்டுக்கு வாயசைத்தாலும் கத்தும். ஒவ்வொரு கத்தலுக்கும் முதலாளி போனுக்கு வீடியோ போகும். இரண்டே வாரத்தில் அதன் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டேன். பகலில் லோடு ஏற்றுகிற இடத்திலேயே உட்காரவைத்துவிட்டு ராத்திரியும் ஓட்டச் சொன்னால் எந்தக் கேமரா என்ன செய்யும்? இவர் வண்டியை இவரே ஓட்டுகிறார், அது வேறு கதை.

சென்சார் தம்பி:
டேப் ஒட்டியதைப் பெருமையாகச் சொல்கிறீர்களே அண்ணா! வீடியோ அனுப்புவதை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். எழுப்புகிற வேலையை அது ஒழுங்காகத்தானே செய்தது?

இரவு டூட்டி:
சொல்லிப் பார்க்காமலா ஒட்டினேன்?

ஆர்டிஓ பயம்:
எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) காட்டும்போது பிரச்சினை வராதா? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, 2019 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று பயமுறுத்துகிறார்களே.

கோணமானி:
ஆர்சியில் இருக்கிற, கம்பெனி கொடுத்த விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பதுதான் அதன் சாரம். கண்ணாடியில் கேமரா ஒட்டினால் ஆர்சியில் என்ன மாறிவிடும்? பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் கைவைப்பது வேறு. நாளைக்கு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடிப்பது அதைத்தான்.

கார்ப் பைத்தியம்:
அமெரிக்காவில் கம்மா நிறுவனத்தின் ஓப்பன்பைலட் என்கிற சாஃப்ட்வேரைப் போட்டு ஸ்டியரிங்கையே திருப்ப வைக்கிறார்களே? நாம் என்ன குறைந்துபோனோம்?

சென்சார் தம்பி:
அதற்கு எலக்ட்ரிக் ஸ்டியரிங் வேண்டும் நண்பரே. வண்டியின் சொந்தக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் அது திருப்பும். இவருடையது ஹைட்ராலிக், கட்டளை போட ஆளே இல்லை. அங்கேயும் எல்லாம் சுலபமாக நடக்கவில்லை. 2016-ல் அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு விளக்கம் கேட்டுக் கடிதம் போட்டதும், கம்மா நிறுவனம் தன் முதல் கருவியையே கைவிட்டது.

பட்டறை அண்ணாச்சி:
ரிவர்ஸ் கேமரா ஒன்றுக்கு மட்டும் நான் குறுக்கே நிற்கமாட்டேன். சந்தைக்குள் பின்னால் எடுக்கும்போது ஆள் நிற்பது தெரியாது. ஆனால் அதைப் பின்கதவில் மாட்டாதீர்கள். தினம் பத்து தடவை கதவை இறக்குவீர்கள், கீல் பக்கம் ஒயர் ஒடிந்துவிடும். பெட்டி உரசி லென்ஸும் போய்விடும். நம்பர் பிளேட் பக்கம் சேசிஸில் மாட்டுங்கள். ஒயரைப் பாதியில் வெட்டி முறுக்கி டேப் சுற்ற விடாதீர்கள், ப்யூஸ் பெட்டியிலிருந்து தனியாக எடுக்கச் சொல்லுங்கள்.

பொலிரோக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. பிரேக் மோட்டார் கிடையாது. ரேடாரும் இப்போதைக்கு வேண்டாம். முன் கேமரா, தூக்கக் கேமரா, ரிவர்ஸ் கேமரா மூன்றும் போடுகிறேன். அண்ணாச்சி திட்டினாலும் பரவாயில்லை, அந்த லாரியின் பின்பக்கம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. லோடோடு ஓட்டிக் காட்டக் கடைக்காரர் யோசிக்கிறார், பார்ப்போம்.

இன்று காலை வண்டிக்கு அடியில் படுத்து அந்த எல்எஸ்பிவி கம்பியைத் தேடினேன். ஆக்சில் பக்கம் கழன்று கிடக்கிறது. யாரோ அதை மேலே தூக்கிக் கட்டுக்கம்பியால் சேசிஸோடு கட்டியிருக்கிறார்கள். நான் வாங்கியதிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கும் போல.

பட்டறை அண்ணாச்சி:
அதை அவிழ்க்காதீர்கள், படம் எடுத்துப் போடுங்கள். கடைக்குப் போவதற்கு முன் இங்கே வந்துவிட்டுப் போங்கள். காலி வண்டியாகவே வாருங்கள், மெதுவாக.