உப்பு மாவில் குழந்தைகளுடன் செய்த உருவங்கள்: நம் அனுபவங்கள்

என் மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, விடுமுறை நாளொன்றில், உப்பு மாவில் உருவங்கள் செய்வதற்காக நாங்கள் இருவரும் முதன்முதலாக உட்கார்ந்தோம். இரண்டு கிண்ணம் மைதா, ஒரு கிண்ணம் தூள் உப்பு, ஒரு கிண்ணத்துக்குச் சற்றுக் குறைவான தண்ணீர் என்று எல்லோரும் சொல்லும் அளவைத்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் தண்ணீர் முழுவதையும் ஒரேயடியாக ஊற்றிவிட்டதால் மாவு விரல்களில் ஒட்டிக்கொண்டது. அதைச் சரிசெய்ய மேலும் மேலும் மைதாவைத் தூவ, உருட்டிய மாவு ரப்பரைப் போல் பின்னுக்குச் சுருங்கத் தொடங்கியது. அடுத்த முறை தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றும் பொறுப்பை மகளிடமே ஒப்படைத்தேன். பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் வைத்த பிறகு எடுத்தபோது, மாவு காது மடலைப் போல மென்மையாக இருந்தது.

அவள் ஓர் ஆமை செய்தாள். ஓடு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குக் குவிந்திருந்தது; அதன் மேல் பல்குத்தும் குச்சியால் ஒவ்வொரு கட்டமாகக் கோடு கிழிக்க அவளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆயிற்று. அத்தனை உழைப்பையும் நான் அவசரத்தில் கெடுத்துவிட்டேன். சீக்கிரம் காயட்டும் என்று ஓவனை 180 டிகிரி செல்சியஸில் வைத்தேன். வெளிப்புறம் பழுப்பேறி இறுகிவிட, உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் ஓட்டை உப்ப வைத்தது. இரண்டு கால்கள் விரிசல் விட்டுக் கழன்றன. மகள் அழவில்லை. "வயிற்றுக்குள்ளே என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டாள், எனக்கும் அதற்கு அப்போது விடை தெரியவில்லை.

இப்போது 100 டிகிரிக்கு மேல் நான் போவதில்லை. அரை சென்டிமீட்டர் கனமுள்ள தட்டையான உருவங்கள் இரண்டு, மூன்று மணி நேரத்தில் காய்ந்துவிடுகின்றன. அரை மணிக்கு ஒருமுறை திருப்பி வைத்தால் ஓரங்கள் வளைவதில்லை. ஆமை போன்ற பருத்த உருவங்களுக்கு, அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி உள்ளே வைத்து, அதன் மேல் மெல்லிய மாவைப் போர்த்துகிறோம். உள்ளே ஈரம் இருக்கிறதா என்று அறிய, முழுவதும் ஆறிய பிறகு உருவத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் குளிர்ச்சியாக இருக்கும். இந்தச் சோதனையை இப்போது என் மகள்தான் செய்கிறாள், என்னைத் தொட விடுவதில்லை.

* * *

மேலே எழுதிய சகோதரிக்கு நன்றி. ஐந்து வயதுக் குழந்தைகள் பன்னிரண்டு பேருக்குக் கைவேலை சொல்லித் தருகிறேன். எங்களிடம் ஓவன் இல்லாததால் காற்றில்தான் உலர்த்துகிறோம். தட்டில் வைத்தால் அடிப்பக்கம் காய்வதே இல்லை என்பதால், கம்பி வலையின் மேல் வைத்து, நாளுக்கு ஒருமுறை புரட்டுகிறோம். மெல்லிய உருவத்துக்கே நான்கைந்து நாட்கள் ஆகின்றன. காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாட்களில் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம்.

முதல் முறை அவ்வளவு காத்திருக்கப் பொறுமையின்றி, இரண்டாம் நாளே நட்சத்திரங்களுக்கு வாட்டர் கலர் பூச விட்டேன். வண்ணம் மாவுக்குள் இறங்கியது. தூரிகையைத் தேய்க்கத் தேய்க்க மேற்பரப்பே கரைந்து சேறானது. எஞ்சியவற்றில் சில நாட்கள் கழித்து வெள்ளைப் பொடி பூத்திருந்தது. உள்ளிருந்த ஈரம் உப்பைச் சுமந்துகொண்டு மேலே வந்து, தான் உலர்ந்து உப்பை விட்டுச் சென்றிருக்கிறது. அதன் பிறகு நன்றாக உலர்ந்த உருவத்தில் அக்ரிலிக் வண்ணத்தை மெல்லியதாக இரண்டு முறை பூசுகிறோம். முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவதைத் தொடங்கினால், முதலாவது சுருண்டு தூரிகையோடு வந்துவிடுகிறது. ஒரு குழந்தைக்கு ஒரு நேரத்தில் இரண்டு வண்ணங்கள் மட்டும் கொடுத்து, பிறகு அடுத்த குழந்தையோடு மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன். எல்லா வண்ணங்களையும் ஒன்றாகக் கொடுத்தால் எல்லா நட்சத்திரங்களும் மண் நிறமாகிவிடும்.

இங்கே ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் முன்பக்கத்தை முடித்து எழுந்துவிட்ட பிறகும், அவன் நட்சத்திரத்தைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்துக்கும் ஓரங்களுக்கும் நீலம் பூசிக்கொண்டிருந்தான். சுவரில் மாட்டினால் அது தெரியாதே என்றேன். "பின்பக்கமும் நட்சத்திரம்தானே" என்றான். வண்ணம் வீணாகிறது என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். இரண்டு மாதங்கள் கழித்து, தொடர்ந்து ஈரக்காற்று வீசிய நாட்களில், மாட்டியிருந்த நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக நெகிழ்ந்து முனை தொங்கின. நூல் கோத்த துளையிலிருந்து இரண்டு அறுந்தே விழுந்தன. அவனுடையது மட்டும் விறைப்பாக இருந்தது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் என்பது எனக்குத் தெரியும். அது முதுகு வழியாக நுழையும் என்பதைத்தான் நான் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது முன், பின், ஓரம், துளையின் உட்புறம் என்று எங்கும் விடாமல் வண்ணமும், அதன் மேல் வார்னிஷும் பூசுகிறோம். வார்னிஷ் மட்டும் பெரியவர்கள் வேலை. சன்னல்களைத் திறந்து வைத்து, குழந்தைகள் போன பிறகு பூசுகிறேன்.

* * *

வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் இதைத் தயவுசெய்து படியுங்கள். மேசை ஓரத்தில் உலர வைத்திருந்த இரண்டு உருவங்களை எங்கள் நாய் தின்றுவிட்டது. ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தது. தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரவே இல்லை. அத்தனை உப்பு நாயின் உயிரையே பறிக்கக்கூடும் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் போன பிறகுதான் அறிந்தேன். உடனே கொண்டு சென்றதால் பிழைத்தது. அன்றிலிருந்து பச்சை மாவும் சரி, காய்ந்த உருவமும் சரி, உயரமான மூடிய அலமாரியில்தான் இருக்கின்றன. கைக்குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கும் இது பொருந்தும். பெரிய குழந்தைகள் ஒருமுறை நக்கிப் பார்த்துத் துப்பிவிடுவார்கள். விவரம் தெரியாத பிஞ்சு கட்டியாக விழுங்கிவிட்டால் ஆபத்து. வேகாத மாவில் கிருமிகளும் இருக்கலாம் என்பதால், விளையாடிய பிறகு கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவச் செய்யுங்கள். விரலில் கீறல் இருக்கும் குழந்தைக்கு அன்று மாவைப் பிசையத் தராதீர்கள். உப்பு பட்டால் எரியும்.

* * *

ஆமை பற்றி முதலில் எழுதியவள் நான். அதன் கால்களை ஒட்டியதைச் சொல்ல மறந்துவிட்டேன். சிறிதளவு மாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பசையாக்கி, உடைந்த இரு முகங்களையும் லேசாகச் சுரண்டி நனைத்து ஒட்டினோம். இரண்டு நாட்கள் அசைக்காமல் வைத்ததில் பிடித்துக்கொண்டது. வண்ணம் பூசுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும், வண்ணத்தின் மேல் பசை பிடிப்பதில்லை.

நீலநிற நட்சத்திரத்தைப் பற்றிப் படித்ததும் எழுந்து சென்று ஆமையைக் கவிழ்த்துப் பார்த்தேன். மேலே பச்சையும் பழுப்பும் பளபளக்க, அடிப்புறம் வெறும் மாவாகவே இருந்தது. தடவினால் சற்றுப் பிசுபிசுத்தது. காற்றோட்டமான இடத்தில் கம்பி வலையின் மேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன். காய்ந்துவிட்டதா என்பதைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துத் தானே சொல்வதாகவும், வயிற்றுக்கு மஞ்சள்தான் பூச வேண்டும் என்றும் மகள் சொல்லியிருக்கிறாள்.